பட்டியலில் இல்லாத ஊர்

ஐரோப்பாவை ரயிலில் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் மும்பை தமிழர்களுக்கு ரயில் புதிதல்ல. மற்ற எல்லாமே புதிது.

மாட்டுங்காவில் இரண்டாவது மாடி வீடு. சாப்பாட்டு மேஜையில் ஐரோப்பிய வரைபடம் விரிந்து கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலைகளிலும் காபி டம்ளர்கள். வீட்டுக்காரர் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் பெட்டிகளைப் பழுதுபார்த்தே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் கிளம்பவிருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம் இது. சேமிப்பைப் பார்த்தால் இதுவே கடைசியாகவும் இருக்கலாம்.

அவர் போட்டு வைத்திருந்த திட்டத்தில் 12 இரவுகள், 7 ஊர்கள்: பாரீஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், ஜூரிக், வெனிஸ், ரோம். உறவினர் ஒருவர் பேருந்தில் குழுவாகப் போய்வந்த பட்டியலை வாங்கி, பேருந்துக்குப் பதில் ரயிலைப் போட்டிருந்தார். ஏழு ஊர் என்றால் ஆறு முறை பெட்டி கட்ட வேண்டும். ஓட்டலைக் காலி செய்து, நிலையத்துக்குப் போய், ரயிலேறி, இறங்கி, அடுத்த ஓட்டலைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். தூரம் அதிகமானால் முழு நாள். பன்னிரண்டில் நான்கு நாட்களாவது பெட்டியோடு கழியும்.

எந்த ஊரைப் பார்க்காமல் திரும்பினால் வருத்தப்படுவீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன பெயர் பட்டியலிலேயே இல்லை. ஷ்லீரன்.

ஜூரிக்கை ஒட்டிய சிறிய ஊர் அது. சென்னை பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பம் தந்தது ஷ்லீரனில் இருந்த ஸ்விஸ் நிறுவனம்தான். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை இந்தியர்கள் படுத்துப் பயணம் செய்த அந்த நீல நிறப் பெட்டிகளின் மூலம் அங்கேதான் இருக்கிறது. ஐ.சி.எஃப். அந்த வகைப் பெட்டிகள் தயாரிப்பதை 2018 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. ஷ்லீரன் தொழிற்சாலை 1980களிலேயே மூடப்பட்டுவிட்டது. "அங்கே போனால் பார்க்க ஒன்றும் இருக்காது, தெரியும்" என்கிறார் அவர். "இருந்தாலும் அந்த ஸ்டேஷனில் ஒருமுறை இறங்க வேண்டும்."

முதல் முறை போகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். எத்தனை ஊர் பார்க்கலாம் என்று கேட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதற்காகப் போகிறோம் என்று கேட்டால் அது தானாகக் குறையும். மாட்டுங்கா தம்பதியின் திட்டம் ஒரே மாலையில் மூன்று ஊர்களாகச் சுருங்கியது. அம்மையாருக்கு ஆசை ஐஃபல் கோபுரமும் பனிமலையும். அவருக்கு ஷ்லீரன். இருவருக்கும் பொதுவாக ரோம். பாரீஸில் 3 இரவு, ஜூரிக்கில் 5, ரோமில் 4. பாரீஸில் விமானம் இறங்கி ரோமில் ஏறுவதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. பனிமலைக்கு ஜூரிக்கிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பலாம். ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

விசா எந்த நாட்டில்?

ஊர்ப் பட்டியல் மாறினால் விசா கேட்க வேண்டிய நாடும் மாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் கிராமத்தில் 1985இல் கையெழுத்தான உடன்பாட்டிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டில் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. இவற்றுக்கு ஒரே விசா போதும். ஆனால் விண்ணப்பத்தை அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் கொடுக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. மாட்டுங்கா தம்பதி இறங்குவது பாரீஸில். விசா கேட்க வேண்டியதோ ஸ்விட்சர்லாந்திடம். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, நாணயமும் யூரோ அல்ல, ஃபிராங்க். ஆனால் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது.

லண்டன் இந்த ஏற்பாட்டில் இல்லை. பாரீஸிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தானே என்று அதையும் சேர்த்தால் தனி விசா, தனிக் கட்டணம். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவோடு லண்டன் போனால் திரும்பப் பாரீஸுக்குள் வர முடியாது.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். கோடை நெரிசலில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே முயல்வது நல்லது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது.

தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் வசிக்கும் ஓர் இளைஞருக்குக் கவலை வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த அவருடைய பெற்றோர் அதிகாலையில் இட்லி அவித்து விற்றே அவரைப் படிக்க வைத்தார்கள். இன்று மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போக ஆசை. இட்லி வியாபாரம் கைக்காசில் நடப்பது. வங்கிக் கணக்கில் அதன் சுவடே இல்லை. திரும்பி வருவார், செலவுக்கு வழி இருக்கிறது என்று தூதரகத்தை நம்ப வைப்பது காகிதங்கள்தாம்.

இதற்கு வழி உண்டு. அம்மாவின் செலவை மகன் ஏற்பதாகக் கடிதம் கொடுக்கலாம். அதனுடன் மகனின் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கி விவரம், இருவருக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்று. செய்யக் கூடாதது ஒன்று: விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கடன் வாங்கிப் பெருந்தொகையைக் கணக்கில் போடுவது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

இன்னொரு சிக்கல் தமிழர்களுக்கே உரியது: இனிஷியல். தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நிற்கும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் விமான டிக்கெட்டிலும் ரயில் டிக்கெட்டிலும் படிவம் முரண்டு பிடிக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்றால் கேள்வி மேல் கேள்வி. பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்துத் தகப்பனார் பெயராக எழுதிவிடுவது பின்னால் நிம்மதி. ஏற்கெனவே எடுத்தவர்கள் அதில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல், எல்லா இடத்திலும் எழுத வேண்டும்.

பாஸ் வேறு, ஸீட் வேறு

ஐரோப்பிய ரயில் என்றதும் எல்லோரும் கேட்பது யூரெயில் பாஸ். 1959இலிருந்து இருப்பது. ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கானது. இப்போது 33 நாடுகளில் செல்லும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு போனால் இலவசம், 60 வயதானவர்களுக்குச் சலுகை.

நம் ஊரில் முன்பதிவு டிக்கெட் என்றால் அதிலேயே பெர்த் அடக்கம். பாஸ் அப்படியல்ல. அது ரயிலில் ஏறும் உரிமை மட்டுமே. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்கள், யூரோஸ்டார் ஆகியவற்றில் தனியாகக் காசு கொடுத்து ஸீட் பதிவு செய்தாக வேண்டும். சிலவற்றில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கிய இடமும் குறைவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தின் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. நினைத்த ரயிலில் ஏறலாம். அந்த நாடுகளில் தினம் ஓர் ஊர் என்று சுற்றுபவர்களுக்குப் பாஸ் லாபம். மாட்டுங்கா தம்பதிக்கு நீண்ட ரயில்கள் மூன்றுதான்: பாரீஸ் - ஜூரிக், ஜூரிக் - மிலான், மிலான் - ரோம். மூன்றிலும் ஸீட் பதிவு அவசியம். தனித்தனி டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பதுதான் அவர்களுக்குச் சிக்கனம்.

முன்கூட்டி என்றால் எப்போது? 2024 நவம்பரிலிருந்து நம் ரயில்வே 60 நாள் முன்புதான் பதிவைத் திறக்கிறது. அங்கே பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் முன்பே கிடைக்கும். விமான டிக்கெட் போல நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். வெயிட்டிங் லிஸ்ட்டும் ஆர்.ஏ.சி.யும் கிடையாது.

இதில்தான் நான் ஏமாந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் மலிவாகக் கிடைக்கிறதே என்று விசா வருவதற்குள் மூன்று டிக்கெட் எடுத்தேன். விசா தாமதமானது, ரயில்கள் போய்விட்டன. மலிவு டிக்கெட்டில் ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது என்ற வரியை நான் படிக்கவில்லை. விசாவுக்குப் பயண முன்பதிவு விவரமும் தங்குமிட விவரமும் காட்டினால் போதும். விசா வரும்வரை ரத்து செய்யக்கூடியதை மட்டுமே எடுப்பது நல்லது.

பாரீஸும் மும்பை போலத்தான்

ஐரோப்பிய நகரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய நிலையங்கள் உண்டு. மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சி.எஸ்.எம்.டி.யில் நிற்கும் ரயிலை லோகமான்ய திலக் டெர்மினஸில் தேடி அலைந்தவர்கள் நம்மில் உண்டு. பாரீஸ் விமான நிலையத்திலிருந்து வரும் நகர ரயில் கார் து நோர் நிலையத்தில் விடும். ஜூரிக் ரயில் புறப்படுவது கார் து லியோனிலிருந்து. நான்கு மணி நேரத்தில் ஜூரிக். அங்கிருந்து மிலான் போகும் வழியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம் வரும். 2016இல் திறக்கப்பட்ட அதுதான் உலகின் மிக நீண்ட ரயில் சுரங்கம். கொங்கண் ரயில்வேயின் கர்புடே சுரங்கமே ஆறரை கிலோமீட்டர்தான்.

மிலானில் ரயில் மாறும்போது இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். முதல் ரயில் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் நஷ்டம் பெரும்பாலும் நம்முடையதே. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அந்த நாளில் பயணம் இருந்தால் கைக்கடிகாரத்தை நம்பக் கூடாது.

கடைசியாக, பெட்டி. அங்கே கூலிக்காரர் கிடையாது, ரயில் நிற்பது ஓரிரு நிமிடம், பல இடங்களில் படியேற வேண்டும். செம்பூரில் நான் குடியிருக்கும் கட்டிடத்தில் யார் ஐரோப்பா கிளம்பினாலும் ஒரு சோதனை வைப்போம். ஞாயிறு மத்தியானம் கட்டிய பெட்டியோடு செம்பூர் நிலைய மேம்பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். நடுவே நின்றால் இரண்டு கிலோ குறைக்க வேண்டும். பெரும்பாலும் வெளியே வருவது ஊறுகாய்ப் பாட்டில்.

மாட்டுங்கா தம்பதி கிளம்புவது செப்டம்பரில். விசா விண்ணப்பத்துடன் வைக்கும் பயணத் திட்டத்தில் ஆறாம் நாளுக்கு நேரே ஷ்லீரன், அரை நாள் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்று அம்மையாருக்குத்தான் கவலை. தன் பழைய பணிமனை அடையாள அட்டையை அவர் விண்ணப்பக் கோப்பில் கடைசித் தாளாகச் செருகி வைத்திருக்கிறார்.