மணிக்கட்டைக் காப்பாற்றும் ‘சிப்’!

கல்மண்டபத்தில் என் வைத்தியசாலைக்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். மூட்டை தூக்கியவர்கள், வலை இழுத்தவர்கள், நாள் முழுக்கத் துணி துவைத்தவர்கள்... ஆனால், கோல்ஃப் ஆடிய கையோடு ஒருவர் வந்தது அன்றுதான்!

வயது 61. கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் உண்டு. ‘நடங்க சார்’ என்றால் நடக்க மாட்டார். நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் பந்துக்குப் பின்னால் மட்டும் சலிக்காமல் நடப்பார். 18 குழிகளையும் நடந்தே முடித்தால் 6 கிலோமீட்டருக்குக் குறையாதே! கை வலியால் ஆட்டம் நின்றால் நடையும் நிற்கும். என் கவலை அதுதான்.

‘‘நல்ல தைலமா ஒண்ணு குடுங்க டாக்டர்!’’

‘‘தர்றேன். முதல்ல எப்படி அடிக்கிறீங்கன்னு காட்டுங்க’’ என்று என் குடையை நீட்டினேன். கடைசி நொடியில் மணிக்கட்டை மடக்கிச் சுண்டினார். அட, இது நம்ம தெருக் கில்லி ஆட்டம்!

அடுத்த ஞாயிறு அவரோடு நானும் போனேன். அங்கிருந்த பயிற்சியாளர் சொன்னதும் அதையேதான்.

கில்லி வேண்டாம், கேரம் போதும்!

குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டிய புல்தரைக்கு ‘கிரீன்’ என்று பெயர். பந்து அதற்குச் சற்று வெளியே நின்றுவிட்டால், மெல்லத் தட்டி உள்ளே உருட்டிவிடும் அடிதான் ‘சிப்’. (நேந்திரங்காய் சிப்ஸ் அல்ல!)

சின்ன அடிதானே என்று அலட்சியம் வேண்டாம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர் அதிதி அசோக்குக்கு நான்காவது இடம். பதக்கம் கை நழுவியது ஒரே ஓர் அடியில்! 200 கெஜம் பறந்தாலும் ஓர் அடிதான். மூன்று கெஜம் உருண்டாலும் ஓர் அடிதான்.

பந்தை நீங்கள் தூக்கிவிட வேண்டியதில்லை. ‘பிட்சிங் வெட்ஜ்’ மட்டையின் முகமே சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. தூக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் மணிக்கட்டைச் சுண்டினால் மட்டை தரையைக் கொத்தும். அந்த அதிர்ச்சி மணிக்கட்டிலும் முழங்கையின் உள்பக்கத்திலும் இறங்கும்.

வலது கைக்காரர்கள் செய்ய வேண்டியது இதுதான்:

* பாதங்களுக்கு நடுவே ஒரு ஜாண் இடைவெளி போதும். உடல் பாரம் இடது காலில் சற்று அதிகம் இருக்கட்டும்.

* பந்து நடுவில். கைகள் பந்துக்குச் சற்று இடப்பக்கம்.

* ரோடு தாண்டும்போது பேரன் கையைப் பிடிப்பீர்களே, அந்தப் பிடி. நழுவவும் கூடாது, வலிக்கவும் கூடாது.

* தோள்கள் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் போல ஆடட்டும். மணிக்கட்டு சும்மா இருக்கட்டும்.

* குழி தள்ளி இருந்தால், சாய்வு குறைந்த 7 அல்லது 8-ம் நம்பர் மட்டை. கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி பந்து தரையோடு ஓடும்.

வீட்டிலும் பழகலாம். மொட்டைமாடியில் கால்மிதி மேல் பொத்தல் போட்ட பிளாஸ்டிக் பந்து, ஆறடி தள்ளி மடித்த துண்டு. துண்டின் மேல் விழ வேண்டும். தினம் 20 அடி போதும். (நிஜப் பந்து வேண்டாம். அடுத்த வீட்டு ஜன்னல் பாவம்!)

வலி வந்துவிட்டால்?

முதல் இரண்டு நாள் ஓய்வு. வீக்கமிருந்தால் குளிர்ந்த ஒற்றடம். பிறகு, நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் கட்டி இளஞ்சூட்டில் ஒற்றடம் கொடுக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வையுங்கள். விரல் மரத்துப் போனாலோ, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கம் வலித்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அங்குள்ள சிறு எலும்பில் விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம்மவர் சில வாரம் ஓய்வெடுத்து, பாணியை மாற்றிக்கொண்டார். போன மாதம் வந்தபோது, ‘‘பத்துக்கு ஆறு குழிகிட்ட நிக்குது டாக்டர்!’’ என்றார் குஷியாக.

பந்து நிற்கட்டும். அவர் நடக்கிறாரே, எனக்கு அது போதும்!