வலிக்காத நோயை அளந்துதான் பார்க்க வேண்டும்

பெங்களூருவின் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் ஹெப்பகோடியில் தொழிற்சாலைகளும் வாடகை அறைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து ஷிஃப்ட் வேலைக்கு வந்த தமிழர்களும் இங்கே உண்டு. பல் கிளினிக்குகளுக்கும் குறைவில்லை. ஆனால் சொத்தைப் பல் தூங்கவிடாமல் குத்தினால்தான் நம்மவர்கள் அந்தப் படியேறுவார்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் உடம்புச் சூடு என்று மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பற்களைக் கூட்டமாக விழவைக்கும் ஈறு நோயோ பெரும்பாலும் வலிக்காமலே வளர்கிறது. வலிக்குக் காத்திருந்து அதைப் பிடிக்க முடியாது, அளந்துதான் பிடிக்க முடியும். யாருக்கு எவ்வளவு கவனிப்பு தேவை என்பதையும் அந்த அளவுதான் சொல்லும்.

ரத்தக் கசிவுக்குக் காரணம் சூடு அல்ல என்பது 1965இலேயே தெளிவாகிவிட்டது. டென்மார்க்கில் ஹாரால்ட் லோ என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் சரியானது. பல்லின் கழுத்தில் படியும் கிருமிப் படலம்தான் குற்றவாளி. அதைத் துடைக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காறையாக இறுகும். அந்தச் சொரசொரப்பில் இன்னும் கிருமி சேரும். இந்த நிலை வரை பின்வாங்க வழி உண்டு. அழற்சி உள்ளே இறங்கி ஈறு பல்லை விட்டுப் பிரிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் அது தானாகத் திரும்பி வளராது.

ஆனால் வீங்கிய ஈறெல்லாம் அங்கே போய் நிற்பதில்லை. இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் இலங்கை மலையகத்தின் தமிழ்த் தொழிலாளர்கள். 1970இல் லோவின் குழு இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் பழக்கமும் பல் மருத்துவமும் அவர்களுக்கு இல்லை. சிகிச்சை எட்டாதவர்கள் என்பதாலேயே ஆய்வுக்கு உகந்தவர்கள் ஆனார்கள் என்பது கசப்பான உண்மை. ஏறக்குறைய எல்லார் வாயிலும் காறை இருந்தது, எல்லார் ஈறும் வீங்கியிருந்தது. ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு நோய் வீக்கத்தோடு நின்றது. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில் முற்றியது. மீதி 8 சதவீதம் பேருக்கோ நாசம் விரைந்து நடந்தது. இவர்கள் 35 வயதுக்குள் சராசரியாக 12 பற்களையும் 40க்குள் 20 பற்களையும் இழந்தார்கள். 45இல் வாயில் ஒன்றும் மிச்சமில்லை.

அப்படியென்றால் எல்லாம் தலையெழுத்து, துலக்கி என்ன பயன் என்று கேட்கலாம். செங்கல் பொடியில் பல் தேய்த்து எண்பது வயதில் முறுக்கு கடித்த தாத்தாவைச் சாட்சிக்கு அழைக்கலாம். அந்தத் தாத்தா 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருப்பார். பொக்கை வாயோடு போன மற்ற தாத்தாக்களை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. தலையெழுத்து வாதத்துக்குப் பதில் ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் இருக்கிறது. ஆக்செல்சன், லின்டே என்ற இரு ஆய்வாளர்கள் 1972இல் அங்கே தொடங்கிய திட்டத்தில் பெரியவர்களுக்குச் சரியாகத் துலக்கக் கற்றுக்கொடுத்து, இடைவெளி விட்டுப் பற்களைச் சுத்தம் செய்தார்கள். 30 ஆண்டுகளில் ஒருவர் இழந்தது சராசரியாக இரண்டு பல்லுக்கும் குறைவு. முதல் ஆறு ஆண்டுக்குப் பிறகு எல்லாரையும் ஒரே கணக்கில் வரவழைக்கவும் இல்லை. சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது, 10 சதவீதம் பேருக்கு மூன்று முதல் ஆறு முறை தேவைப்பட்டது. ஆகவே "ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்ளீனிங்" என்ற பொது வாய்ப்பாடு சிலருக்கு அதிகம், சிலருக்கு ஆபத்தான அளவுக்குக் குறைவு.

யார் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். மூன்று வரை இயல்பு. நான்கு என்றால் கவனிக்க வேண்டும், ஆறு என்றால் எலும்பு போய்க்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கெங்கே ரத்தம் வருகிறது என்றும் குறிப்பார்கள். புகைப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். புகையிலை ஈறின் ரத்தக் கசிவை அடக்கிவைப்பதால் நோய் முற்றியும் ஈறு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். கட்டுப்படாத சர்க்கரையும் ஈறு நோயை வேகப்படுத்தும். ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் சற்று இறங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த இரண்டையும் கேட்காமல் செய்யும் ஈறு பரிசோதனை பாதிப் பரிசோதனைதான்.

காறையை எடுத்தால் பல் ஆடும், சந்து விழும் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல, அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்தச் சந்து ஏற்கெனவே ஈறும் எலும்பும் இழந்த இடம், காறை அதை மறைத்துக்கொண்டிருந்தது. பொறுமையாக அளக்க ஆள் எங்கே, அதற்குப் பணம் எங்கே என்பது நியாயமான கவலை. டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற பணியாளரை 1948ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டமே அங்கீகரித்தது. காறை எடுப்பதும் துலக்கக் கற்றுத்தருவதும்தான் அவர்கள் வேலை. நம் ஊர்க் கிளினிக்குகளில் அவர்களைக் காண்பது அரிது. அவர்களை அமர்த்தினால் பொறுமையாக அளக்கவும் கற்றுக்கொடுக்கவும் ஆள் கிடைக்கும். அதுவரை, செலவுக்குத் தயங்குகிறவர்கள் ஹெப்பகோடியில் மஞ்சள் தட மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கலாம். விக்டோரியா மருத்துவமனைப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இரவு ஷிஃப்ட் முடித்து விடிந்தபின் படுப்பவர்கள், படுக்குமுன் ஒருமுறை துலக்குங்கள். பிரஷ் நுழையாத பல்லிடுக்குக்கு இடுக்கு பிரஷ்ஷோ நூலோ வாங்கிக்கொள்ளுங்கள். எந்த கிளினிக்குக்குப் போனாலும், "என் ஈறின் ஆழம் எவ்வளவு, எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.