சுழலாத ‘சுழற்சி மின்வெட்டு’: டெக்சஸ் உறுதிமொழி எதற்கு உறுதி?

ஆண்டுதோறும் டிசம்பர் 1 வருகிறது. டெக்சஸ் மாநிலத்தில் மின் நிலையம் நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் ‘குளிர்காலத்துக்குத் தயார்’ என்று எழுதி, உயர் அதிகாரியின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டினில் பிள்ளைகள் குடியிருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம்: 2021-க்குப் பிறகு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம் என்றது அரசு, பிறகு ஏன் 2023-ல் ஆஸ்டின் இருட்டில் கிடந்தது?

இரண்டும் வேறு வேறு நோய். 2023-ல் மின்சாரம் இருந்தது, வீட்டுக்கு வரவில்லை. 2021-ல் மின்சாரமே இல்லை. டிசம்பர் 1 உறுதிமொழி 2021 நோய்க்கான மருந்து. அது முழு மருந்தா என்பதுதான் விஷயம்.

2021 பிப்ரவரியின் கடுங்குளிரில் டெக்சஸில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குளிரில் விறைத்து. கூடுதல் மரணங்களைக் கணக்கிட்ட பஸ்ஃபீட் செய்தித்தளம் சுமார் 700 என்றது. ஆளுநர் கிரெக் அபாட் தொலைக்காட்சியில் காற்றாலைகளையும் சூரிய மின்சாரத்தையும் குறை சொன்னார். காற்றாலைகளும் உறைந்தது உண்மை. ஆனால் முடங்கிய மின் உற்பத்தி அலகுகளில் பாதிக்கு மேல் எரிவாயுவில் ஓடுபவை.

‘சுழற்சி மின்வெட்டு’ என்ற அரசுச் சொல்லுக்கு வருவோம். கொஞ்ச நேரம் உங்கள் தெருவில், கொஞ்ச நேரம் அடுத்த தெருவில் என்று முறை வைத்து நிறுத்துவது என்பது அதன் பொருள். நம்மூர் மின்வெட்டுக் காலத்தைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டெக்சஸில் அது சுழலவே இல்லை. பயன்பாட்டில் 20,000 மெகாவாட்டைக் குறைக்கச் சொன்னபோது, மருத்துவமனை போன்றவை இருக்கும் ஃபீடர்களை (தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடங்களை) தொடக்கூடாது என்று ஒதுக்கிவிட்டால், மாற்றி மாற்றி நிறுத்த மிச்சம் ஃபீடர் இல்லை. இருண்ட தெரு நாள்கணக்கில் இருண்டே கிடந்தது. பக்கத்திலேயே ஆளில்லாத அலுவலகக் கட்டடங்கள் ஜொலித்தன.

நிறுத்தியிருக்காவிட்டால் இதைவிட மோசமாகியிருக்கும் என்று மின்கட்டமைப்பை இயக்கும் எர்காட் சொல்வதில் உண்மை இருக்கிறது. 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய அதிர்வெண், பிப்ரவரி 15 அதிகாலை 1.55 வாக்கில் 59.4-க்குக் கீழே போய் 4 நிமிடம் 23 விநாடி அங்கேயே நின்றது. 9 நிமிடம் நின்றிருந்தால் மின் நிலையங்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கும். மாநிலக் கட்டமைப்பை முதலிலிருந்து எழுப்ப வாரங்கள் பிடித்திருக்கும்.

ஆனால் அந்த மின்வெட்டே பற்றாக்குறையை வளர்த்தது. என்னை இன்னும் உறுத்துவது இந்த இடம்தான்.

எரிவாயுக் கிணற்றிலிருந்து வாயு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் சேர்ந்து வரும். கிணற்று வாயில் அது உறைந்தால் வழி அடைத்துக்கொள்ளும். அப்படித்தான் முதலில் வரத்து குறைந்தது, மின் நிலையங்கள் திணறின, மின்வெட்டு வந்தது. அடுத்து நடந்ததைப் பாருங்கள். கிணற்றடி பம்புகளும், வாயுவைச் சுத்திகரிக்கும் ஆலைகளும், குழாய் வழியே தள்ளும் கம்ப்ரசர்களில் பலவும் மின்சாரத்தில் ஓடுபவை. வெட்டிய ஃபீடர்களில் அவையும் இருந்தன. அவை நின்றதும் வாயு இன்னும் குறைந்தது. வாயு குறைந்ததும் இன்னும் சில மின் நிலையங்கள் நின்றன. உடனே இன்னும் வெட்டு. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. சில நாட்களுக்குள் டெக்சஸின் எரிவாயு உற்பத்தி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

அந்தக் கம்ப்ரசர் இருக்கும் ஃபீடரை ஏன் வெட்டினார்கள்? அங்கே கம்ப்ரசர் இருப்பது மின் விநியோக நிறுவனத்துக்குத் தெரியாது. ‘எங்களுடையது முக்கிய இணைப்பு, வெட்டாதீர்கள்’ என்று சொல்ல ஒரு படிவம் இருந்தது. அதைப் பல எரிவாயு நிறுவனங்கள் நிரப்பவில்லை. அப்படி ஒன்று இருப்பதே சிலருக்குத் தெரியாது. இன்னும் ஒரு படி மேலே போய், நெருக்கடியில் எங்கள் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டு அதற்குக் காசு வாங்கும் திட்டத்தில் சேர்ந்திருந்த எரிவாயு நிலையங்களும் உண்டு.

இதற்குப் பிறகு 2021 ஜூனில், குளிருக்குத் தயாராவதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்றார் ஆளுநர். சில மாதங்களில் எரிவாயுத் துறையைக் கட்டுப்படுத்தும் ரயில்ரோடு கமிஷன் (பெயரில் மட்டும்தான் ரயில்) ஒரு வரைவு விதியை வெளியிட்டது. 150 டாலர் கட்டி, நெருக்கடியில் இயங்க நாங்கள் தயாராக இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு பெறலாம்! தயாராக இல்லாததுதான் விலக்குக்குத் தகுதி. சட்டமன்ற உறுப்பினர்களே கொதித்த பிறகு விதி இறுகியது. இப்போது எரிவாயு நிறுவனங்களுக்கும் டிசம்பர் 1 பொருந்தும். சிறிய கிணறுகளுக்கு விலக்கு இன்னும் இருக்கிறது.

கையெழுத்தை எவ்வளவு நம்பலாம்? 2021 முடக்கத்தை ஆராய்ந்த மத்திய அரசு அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. உறைந்ததால் நின்றுபோன சம்பவங்களில் 81 சதவீதம், ‘இவ்வளவு குளிர்வரை தாங்கும்’ என்று அந்தந்த நிலையமே சொல்லியிருந்த வெப்பநிலைக்கு மேலேயே நடந்தவை. சொன்ன எல்லையைக் குளிர் தொடவே இல்லை, அதற்கு முன்பே நின்றன. இப்போது ஆய்வாளர்கள் போகிறார்கள், ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம் போடலாம் என்பது பெரிய மாற்றம். 2011-லும் இதே மாநிலம் இப்படி உறைந்தது. அப்போது வந்த பரிந்துரைகளை யாரும் பின்பற்றியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி மற்றக் கேள்விகள், சுருக்கமாக.

ஆஸ்டினில் 2023-ல் என்ன ஆயிற்று? உறைமழை. அங்குள்ள லைவ் ஓக் மரங்கள் குளிர்காலத்திலும் இலை உதிர்ப்பதில்லை. இலைதோறும் பனிக்கட்டி ஏறி, கிளைகள் ஒடிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. நகர மின் வாடிக்கையாளர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு மின்சாரம் போனது, நகர மேலாளருக்குப் பதவி போனது. இதற்கு டிசம்பர் 1 படிவத்தில் பதில் இல்லை. மரம் வெட்டும் ஆட்களிடம்தான் இருக்கிறது.

2021 இழப்பை யார் கட்டுகிறார்கள்? மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் வரை போன விலையில் ஒரு பகுதி கடன்பத்திரமாகி, வருடக்கணக்கில் வாடிக்கையாளர் பில்லில் வரும்.

குழாய் வெடிக்காமல் இருக்க? குழாய்களைச் சொட்டவிடுங்கள், வெளிக் குழாய்களைச் சுற்றிக் கட்டுங்கள், மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

கார் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றலாமா? விரிசல் விடும்.

மின்சாரம் போனால் வீட்டுக்குள் கரியடுப்பு? வேண்டாம், 2021-ல் கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்களும் உண்டு.

ஜெனரேட்டரை கராஜில் வைக்கலாமா? கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது.