குதிரை ஓடியதா, தரை ஓடியதா?

கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில், கேரளத்தின் தத்தமங்கலத்தில், அங்காடி வேலை என்ற திருவிழாவில் குதிரை ஓட்டம் உண்டு. அங்கே எது முந்தியது என்று கண்ணால் பார்த்தால் போதும். கிண்டி ரேஸ்காரருக்கு அது போதாது. இன்று ஜெயித்த குதிரையும், போன மாதம் வேறு பந்தயத்தில் ஜெயித்த குதிரையும் அடுத்த முறை ஒன்றாக ஓடினால் யார்மேல் பணம் கட்டுவது?

அதற்காகப் பிறந்ததுதான் வேக எண். ஓடிய நேரத்தைத் தூரத்துக்கும் தரைக்கும் ஏற்பத் திருத்தி ஒரே எண்ணாக்குவது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ பேயர் 1975இல் வெளியிட்ட புத்தகத்தால் இது பரவியது. இதன் உயிர் கடிகாரத்தில் இல்லை, திருத்தத்தில் இருக்கிறது. அன்றைய பந்தயங்கள் எல்லாமே வழக்கத்தைவிட ஒரு விநாடி தாமதமென்றால், தரை கனத்திருக்கிறது என்று கொண்டு எல்லாக் குதிரைக்கும் அந்த விநாடியைத் திருப்பித் தருவார்கள். ஆனால் ஒருநாளில் நடப்பதே சில பந்தயங்கள். அவற்றில் ஒன்றிரண்டில் ஜாக்கிகள் கடைசி வளைவுவரை கடிவாளத்தை இழுத்தே ஓட்டியிருந்தால், அந்தத் தாமதமும் தரையின் கணக்கில் ஏறிவிடும். மற்றப் பந்தயக் குதிரைகளுக்கு உழைக்காத கூலி!

அமெரிக்காவில் பெரும்பாலும் மண் தடம், நமக்குப் புல். மழை பெய்தால் தரை மாறும், புல் தேய்ந்தால் உள்வேலியை நகர்த்துவார்கள், ஓடும் தூரமே மாறும். தரையின் இளக்கத்தைப் பெனிட்ரோமீட்டரால் குத்திப் பார்த்து அறிவிப்பது உதவிதான். என்றாலும் 2,200 மீட்டர் உயரத்து ஊட்டி நேரத்தைக் கிண்டி நேரத்தோடு ஒப்பிடுவதை நான் நம்பமாட்டேன்.

கடிகாரமே தவறலாம். 1973இல் அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயத்தில் செக்ரடேரியட் என்ற குதிரை ஓடிய நேரம் முதலில் 1 நிமிடம் 55 விநாடி என்று அறிவிக்கப்பட்டது, பிறகு சற்றுக் குறைக்கப்பட்டது. ஒளிப்பதிவை ஆராய்ந்து 1 நிமிடம் 53 விநாடி என்று முடிவானது 2012இல்! 1,200 மீட்டரை 72 விநாடியில் கடக்கும் குதிரை இரண்டு விநாடியில் 33 மீட்டர் போய்விடும். அதாவது பதின்மூன்று குதிரை நீளம்.

காலைப் பயிற்சி நேரங்கள் இன்னும் வழுக்கல். ஏறியவர் எடை என்ன, பயிற்சியாளர் எவ்வளவு வேகம் கேட்டார் என்பது வெளியே தெரியாது. பத்திரிகையில் 600 மீட்டருக்கு 40 விநாடி என்று போட்டிருந்தால், பழைய ரேஸ்காரர் முதலில் தேடுவது பக்கத்துச் சொல்லை: குதிரை சும்மா ஓடியதா, விரட்டப்பட்டதா?