பீரைத் தெளிய வைக்கும் மீன் நெட்டி: லேபிளில் ஏன் இருப்பதில்லை?

பாம்பன் பக்கம் கூறல் மீன் வலையில் சிக்கினால் அது செய்தியாகிவிடும். சதையைவிட அதன் வயிற்றுக்குள் இருக்கும் 'நெட்டி'க்குத்தான் விலை. சூப், மருந்து என்று அதன் பயன்களைச் சொல்லும்போது, 'ஒயின் தயாரிக்கவும்' என்று ஒரு வரி வரும். மீனுக்கும் ஒயினுக்கும் என்னங்க சம்பந்தம்?

நெட்டி என்பது மீன் மிதக்க உதவும் காற்றுப்பை. அதில் கொலாஜன் என்ற புரதம் நிறைய இருக்கு. காய்ந்த நெட்டியை லேசான அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்தால் கிடைக்கும் கொழகொழப்பான திரவம்தான் ஐசிங்கிளாஸ். புளித்து முடிந்த பீரில் ஈஸ்ட் மிதப்பதால் அது கலங்கலாக இருக்கும். ஐசிங்கிளாஸை ஊற்றினால் ஈஸ்ட் அதில் ஒட்டி, கனமாகி, அடியில் படிந்துவிடும். கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவோமே, கிட்டத்தட்ட அதே வேலை.

ஒயினில் வேறு பொருட்களும் உண்டு. பிரான்ஸின் போர்டோ பகுதியில் 225 லிட்டர் பீப்பாய்க்கு நாலைந்து முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவது பழைய வழக்கம். சிவப்பு ஒயினின் துவர்ப்பு அடங்கும். பாலில் இருந்து எடுக்கும் கேசீன், ஜெலட்டினும் பயன்படுகின்றன. ஒரு காலத்தில் மாட்டு ரத்தப் பொடிகூட! மாடுகளைத் தாக்கிய 'மேட் கவ்' நோய் பயத்தால் 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது.

லேபிள் என்ன சொல்கிறது?

2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாராகும் ஒயின்களுக்கு ஐரோப்பாவில் மூலப்பொருள் பட்டியல் கட்டாயம். ஆனால் தெளியவைக்கும் பொருட்கள் அந்தப் பட்டியலில் வராது. வேலை முடிந்ததும் வெளியேறிவிடுவதால் அவை 'மூலப்பொருள்' இல்லையாம். முட்டை, பால் மிச்சம் இருந்தால் மட்டும் அலர்ஜி எச்சரிக்கை போட வேண்டும். மீனும் அலர்ஜி பட்டியலில் இருக்கு. ஆனால் பீர், ஒயினைத் தெளியவைக்கும் ஐசிங்கிளாஸுக்கு விலக்கு!

அலர்ஜி கணக்கில் இது நியாயம்தான், மிஞ்சுவது அவ்வளவு சொற்பம். சைவக்காரரின் கேள்வி வேறு. கிளாஸில் மிச்சம் இருக்கா என்பதல்ல, மீனைப் பயன்படுத்தினார்களா என்பதே அவருக்கு முக்கியம். அதற்கு லேபிளில் பதில் இல்லை.

இந்தக் கேள்வி கின்னஸ் போன்ற பெரிய நிறுவனத்தையே அசைத்தது. 19-ம் நூற்றாண்டில் இருந்து பயன்படுத்திவந்த ஐசிங்கிளாஸைக் கைவிடப்போவதாக 2015-ல் அறிவித்தார்கள். 2017-ல் பப்களுக்குப் போகும் பீப்பாய் பீர் மாறியது, பிறகு பாட்டிலும் கேனும். இப்போது வடிகட்டிதான்.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? 'வீகன்' என்று அச்சிட்டிருந்தால் சந்தேகம் வேண்டாம். பெண்டோனைட் என்ற களிமண்ணை வைத்துத் தெளியவைக்கும் ஒயின்களும் நிறைய வருகின்றன. 'வடிகட்டப்படாதது' என்ற வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீங்க. பிரிட்டனின் பாரம்பரிய 'காஸ்க்' பீரை வடிகட்டுவதே இல்லை. அதைப் பெரும்பாலும் தெளியவைப்பதே ஐசிங்கிளாஸ்தான்.