றபானும் ஓர் அமானிதமே



நோன்பு மாதத்தில் பக்கீர் பாவாமார் றபான் தட்டி, பைத் பாடி, ஸஹருக்கு ஊரை எழுப்பிய இரவுகளைப் பற்றி உங்கள் மூத்தம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்திலும் அந்த ஓசை எழும். இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் ருபையிஃ பின்த் முஅவ்வித் (றழி) அவர்களின் திருமண நாளில் சிறுமியர் தப் அடித்துப் பாடியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி. நமது றபானும் அந்தத் தப் இனத்தைச் சேர்ந்ததே.

கல்யாணத்துக்கென்று இரவலாக வாங்கிய றபானோ, பாட்டனார் விட்டுச் சென்ற றபானோ பல வீடுகளில் மாதக் கணக்கில் கிடக்கிறது. அதைக் காப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில்தான் இருக்கிறது. ஆகவே சில விடயங்களை அறிந்துகொள்ளுங்கள்.

றபானின் முகம் ஆட்டுத்தோல். தோல் ஈரத்தைக் குடித்தால் நீண்டு தளரும், ஓசை மங்கும். காய்ந்தால் சுருங்கி இறுகும். அளவு மீறினால் ஆணியடித்த இடத்தில் கிழியும். நமது கரையில் இரண்டு ஆபத்தும் உண்டு. ஐப்பசி முதல் தை வரை மாரி மழையும் கடற்காற்றும் சேர்ந்து வீட்டுக்குள்ளும் ஈரத்தை நிறைக்கின்றன; அப்போது தோலில் பூஞ்சணம் பூக்கும். பின்னர் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் அதே தோல் வறண்டு இறுகும். எனவே ஈரத்திலிருந்தும் வெக்கையிலிருந்தும் ஒருசேரக் காப்பதே நல்ல உறையின் வேலை.

பலர் செய்வது என்ன? பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்து விடுகிறார்கள். தூசி படாது, உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. இறுக மூடுவது வேறு, பாதுகாப்பது வேறு.

வீட்டில் வைப்பதற்குப் பருத்தித் துணிப் பையே சிறந்தது. பழைய கைத்தறிச் சாரனை இரண்டு மடிப்பாகத் தைத்தால் போதும். மருதமுனைத் தறித்துணி அருகிலேயே கிடைக்கிறது. ஆணிகளையும் சேர்த்து றபானின் விட்டத்தையும், சட்டத்தின் உயரத்தையும் அளந்து, இரண்டையும் கூட்டி வருவதைவிட 2 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். வெளியூர் கொண்டுசெல்வதென்றால் உள்ளே மெத்தை வைத்த நைலோன் பையோ, ஒட்டுப்பலகைப் பெட்டியோ வேண்டும். தோலின்மேல் எதுவும் அழுத்தாதபடி பெட்டியின் ஆழம் இருக்கட்டும். காற்றுப் போக நாலைந்து சிறு துளைகளும் இடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் போடலாம். அவை ஈரம் குடித்து நிறைந்ததும் பயனற்றவை என்பதால் மாரியில் அடிக்கடி மாற்றுங்கள். பிள்ளைகள் அவற்றை வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

இடமும் முக்கியம். சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம். மழையில் நனையும் வெளிச்சுவரில் சாய்க்கவும் வேண்டாம். அடுப்பங்கரையும் யன்னல் வெயிலும் ஆகா. உள்ளறையில், சுவரை விட்டு விலகிய மரத்தட்டு நல்லது. இரண்டு றபான் இருந்தால் தோலோடு தோல் உரசாமல் நடுவில் துணி வையுங்கள். கவிழ்த்துப் போட்டுச் சாமான் அடுக்கும் பழக்கத்தை விட்டு விடுங்கள்.

தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். அது தோலைத் தளர்த்தும். கரப்பானையும் எலியையும் அழைக்கும். பூச்சி உருண்டைக்குப் பதிலாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள். பூச்சி உருண்டையின் ஆவி சில பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்தையே பாதிக்கக் கூடியது. பிள்ளை உறங்கும் அறையில் அது அறவே வேண்டாம்.

மழையில் நனைந்தால் உடனே பையிலிருந்து எடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் மெல்லக் காயவிடுங்கள். அவசரப்பட்டு நெருப்பருகே பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் இறுகிப் பிளந்துவிடும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைத்து, சட்டத்தின் மரத்தில் உளுத்த தூள் உதிர்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவு கவனம் ஒரு றபானுக்கு எதற்கு என்று கேட்கலாம். தோல் கிழிந்தால் மாற்றிக் கட்டத் தெரிந்த கைவினைஞரைத் தேடி அலைய வேண்டும். இரவல் வாங்கியதென்றால் அதற்கும் மேலே ஒரு பொறுப்பு இருக்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி குர்ஆன் நம்மைப் பணிக்கிறது. ஒரு பாவாவுக்கு அந்த றபான் அவர் பிழைப்பின் பாதி. தந்தபோது இருந்த ஓசையோடு அதைத் திருப்பிக் கொடுப்பதே முறையான ஒப்படைப்பு. கல்யாண வீட்டு ஆரவாரம் அடங்கிய மறுநாளே, பந்தல் கழற்றும் முன்பே, றபானைத் துடைத்துத் துணிப்பையில் இட்டு உரியவர் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.