செங்காந்தள்

வேலியில் ஏறிப் பூத்திருக்கும் இந்தக் கொடியைக் கார்த்திகைப் பூ என்றும் கண்வலிப் பூ என்றும் அழைப்பார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப் பட்டியலும் காந்தளில்தான் தொடங்குகிறது. இலை நுனியைக் கவனியுங்கள்: அது பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும்.

அழகெல்லாம் மேலே, நஞ்சு கிழங்கில் மிகுதி. கலப்பை வடிவில் இருப்பதால் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர். சித்த மருத்துவர்கள் அதை உப்பிட்ட மோரில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்த்தனர். தோல் நோய்க்கும் தேள்கடிக்கும் அரைத்துப் பூசுவது உண்டு. சுத்தி செய்தாலும் நஞ்சு முழுவதும் நீங்கிவிடாது.

இதன் நஞ்சான கோல்கிசின் செல்கள் பிரிவதைத் தடுக்கிறது. அதே பொருள்தான், மிகச் சிறிய அளவில், கௌட் என்னும் மூட்டுவலிக்கு இன்றும் மருந்து. மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகள் கோல்கிசின் எடுக்க உதவும் விதைக்காகவே இந்தக் கொடியைப் பயிரிடுகிறார்கள்.

இதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என ஒவ்வொன்றாகப் பழுதாகும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்தாக உதிர்வதுண்டு.

பூவைப் பாருங்கள், படம் எடுங்கள். பறிக்கவோ தோண்டவோ வேண்டாம். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.